தைப்பொங்கலில் பிறந்த சீமைக் கன்று

மீனாட்சிபுரத்தில் கமலாத்தாள் என்று கேட்டால் எந்தக் கமலாத்தாள் என்பார்கள். செவலைக்காரி என்றால் உடனே வீட்டைக் காட்டுவார்கள். செவலை அவள் வளர்த்த நாட்டுப்பசு. அந்த வீட்டுக்கு நிலம் என்று இருந்தது மழையை நம்பிய மேட்டுக்காடு ஒரு துண்டு. கடலை போட்டால் ஒரு வருஷம் காய்க்கும், மறு வருஷம் வெறும் கொடியாக நிற்கும். புருஷன் மாரப்பனுக்கு மூச்சிரைப்பு. ஏர் பிடித்து நாலு சால் ஓட்டினால் வரப்பில் உட்கார்ந்துவிடுவார். ஆகவே உப்பு முதல் மாரப்பனின் மருந்து வரை எல்லாம் செவலையின் மடியிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

கமலாத்தாள் பிறந்தது நல்லேப்பிள்ளியில், நெல் விளைகிற பக்கத்தில். வாழ்க்கைப்பட்டு மேட்டுக்காட்டுக்கு வந்தபோது சோளத்தட்டை அடியோடு ஒட்ட அறுக்கக்கூடத் தெரியாது. கையைக் கிழித்துக்கொண்டு கற்றாள். அதிகம் பேச மாட்டாள். கோபம் வந்தால் கட்டுத்தரையை இன்னொரு தடவை கூட்டுவாள். குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊரார் பேசி ஓய்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

எழுபத்து மூன்றாம் வருஷம் மாசி மாதத்தில் பால் சங்கத்து வாசலுக்கு ஒரு ஜீப் வந்தது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு மலைநாட்டுக்காரர்கள் பணமும் ஆளும் கொடுத்து நடத்துகிற திட்டம். மூணாறு மலைமேல் பண்ணை வைத்து அந்த நாட்டுக் காளைகளை வளர்த்தார்கள். அவற்றின் விதையை ஊசியில் எடுத்து நம் பசுக்களுக்குச் செலுத்தினால் பிறக்கும் கிடாரி மூன்று மாட்டுப் பாலைக் கறக்கும் என்று சொன்னார்கள். ஜீப்பில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். அவருக்காகப் பேசியவர் மிருகாஸ்பத்திரி இன்ஸ்பெக்டர் மிக்கேல். சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து படித்து வேலைக்கு வந்தவர். மிக்கேல் ஒரு பெரிய படத்தை விரித்துப் பிடித்தார்.

பொங்கியண்ணன் முன்னால் வந்து பார்த்தார். ஊரில் உறுமி அடிக்கிற குழுவுக்கு அவர்தான் தலைவர். எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பார்.

“ஏனுங்க, இது மாடுங்களா, இல்ல ஊட்டுக்குக் கால் முளைச்சிருக்குதுங்களா?”

“மாடுதான் அண்ணாச்சி. ஒண்ணும் பயப்படாதீக. பசு உங்க பசுதான். விதை மட்டும் அங்ஙன இருந்து வருது.”

“அப்பன் மூஞ்சியே பாக்காத கன்னுன்னு சொல்லுங்க.”

“நீங்க பொறந்த அன்னைக்கே உங்க அப்பா மூஞ்சியப் பாத்து வணக்கம் சொன்னீகளாக்கும்?”

கூட்டம் சிரித்தது. வெள்ளைக்காரர் எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்தார். கமலாத்தாள் சிரிக்கவில்லை. படத்திலிருந்த மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் செவலை காளைக்குக் கத்தியது. செங்கோட்டையன் தோட்டத்தில் சினைக்கு விடும் பூச்சிக்காளையிடம் கொண்டுபோவதா, ஊசிக்குக் கொண்டுபோவதா என்று அன்று காலை புருஷனும் பெண்சாதியும் பேசினார்கள்.

“காளைக்கே உடு. தெரிஞ்ச வழி” என்றார் மாரப்பன்.

“தெரிஞ்ச வழியில போயித்தான் இங்க நிக்கறமுங்க. ஒரு கிடாரி வந்துட்டா நாளைக்கு நீங்க ஏரத் தொட வேண்டாம்.”

“காளங்கன்னு வந்தா?”

“வந்தா வளத்தி ஏருக்குக் குடுத்துக்கலாம்.”

ஊசிக்கு ஓட்டிப்போகும் முன் கமலாத்தாள் விரலில் ஒரு கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தில் தை முதல் நாள் பிறக்கும் காளங்கன்று மாலகோயில் சாமிக்கு உரியது. அதற்குச் சலகெருது என்று பெயர். எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளத்தில் இருந்தாலும் மீனாட்சிபுரத்துக்காரர்களுக்கும் அதே வழக்கம். சலகெருதை ஏரில் பூட்டக் கூடாது, விற்கக் கூடாது, காயடிக்கக் கூடாது. அது குடிக்கிறவரை தாயின் பாலைக் கறந்து விற்கக் கூடாது. மார்கழி மாலைகளில் உறுமி அடித்து அதை ஆடப் பழக்கி, பொங்கலுக்குக் கோயிலுக்கு ஓட்டிப்போக வேண்டும். பத்துப் பதினைந்து உருப்படி கட்டிய தோட்டங்களில் அப்படி ஒரு கன்று பிறந்தால் பெருமை. ஒரே மாடு வைத்திருக்கிற வீட்டில் பிறந்தால் சாப்பாடு போய்விடும். அதனால் ஏழைப்பட்டவர்கள் பங்குனியில் மாட்டைக் காளைக்கு விடும் முன் கணக்குப் பார்ப்பார்கள். பொங்கலை ஒட்டிக் கன்று விழும் என்று பட்டால் அந்தப் பருவத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பார்கள். எல்லோரும் செய்கிறதுதான். ஆனால் சாமிக்குக் கன்று வராமல் பார்த்துக்கொள்கிறோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கமலாத்தாளின் கணக்குப்படி மார்கழி பாதியில் கன்று விழும். பொங்கலுக்கு நிறைய இடைவெளி. அவள் கணக்கு தப்பில்லை, நாட்டுக்காளைக்கு அதுதான் கணக்கு. சீமைக்காளையின் கன்று இன்னும் பல நாள் வயிற்றிலேயே இருந்து வளர்ந்துவிட்டுத்தான் வெளியே வரும் என்பது மிக்கேலுக்குத் தெரியும். அவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கக் கூடிய கேள்வியாக அது இல்லை.

மார்கழி பாதி போயிற்று. செவலை அசை போட்டுக்கொண்டு நின்றது. வயிறு மட்டும் இரண்டு பக்கமும் சாக்கு மூட்டை கட்டியதுபோல் வளர்ந்துகொண்டே வந்தது. மார்கழிக் கடைசி வாரத்தில் கமலாத்தாள் தினமும் பல தடவை மடியைத் தொட்டுப் பார்த்தாள். “இன்னிக்குப் போட்டுரு சாமி” என்று மாட்டின் காதில் சொன்னதை மாரப்பன் கேட்டிருக்கிறார்.

பொங்கலன்று மத்தியானம், தெரு முழுக்கக் கோயிலில் இருந்தபோது, செவலைக்கு வலி கண்டது. கன்று பெரிது. கால் வந்த பிறகும் தலை வரவில்லை. இருவரும் கன்றின் காலில் துணியைச் சுற்றிப் பிடித்து, மாடு முக்கும்போதெல்லாம் இழுத்தார்கள். மாரப்பனுக்கு மூச்சு விசில்போல அடித்தது. கடைசியில் கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. எலி நிறம், மூஞ்சி அகலம், முதுகு பலகை. காளை.

மாரப்பன் சுவரில் சாய்ந்தபடி தெருவைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

“தெருவுல ஒருத்தரும் இல்ல. நேத்தே போட்டுருச்சுன்னு சொல்லீரலாம்.”

கமலாத்தாள் கன்றின் வாயிலும் மூக்கிலும் இருந்த கோழையை வழித்தாள்.

“கமலா, காதுல உழுந்துச்சா?”

“செவலை இன்னும் நஞ்சுக்கொடி போடலீங்க.”

“அதுக்கு?”

“பொய்யச் சொல்லிப்போட்டு அதும் வயித்துல எப்புடீங்க கை வெப்பேன்? அது பொழைக்கோணுமுங்க. கன்னு யாருதா வேணாலும் இருக்கட்டும்.”

பொழுது சாய்ந்த பிறகுதான் நஞ்சு விழுந்தது. அதற்குள் தெரு திரும்பிவிட்டது. பொங்கியண்ணன் எட்டிப் பார்த்து நின்றார்.

“இது எப்பப் போட்டுச்சு அம்மிணி?”

“மத்தியானமுங்க.”

பொங்கியண்ணன் கன்றைச் சுற்றி வந்தார். திமில் இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்துத் தடவினார். கூட வந்த ஒருவர், “இது சீமை வித்துங்க மாமா. இதப் போயிச் சாமிக்குன்னு சொல்றதுங்களா?” என்றார்.

“சாமி நாளத்தாண்டா பாக்கும். திமில் இருக்குதா, துரை பெத்ததான்னா பாக்கும்?” என்றார் பொங்கியண்ணன். கிண்டல் பண்ணுகிற ஆள் அன்று கிண்டல் பண்ணவில்லை. மேல்துண்டை இடுப்பில் கட்டிக் கன்றைக் கும்பிட்டார். அதோடு அது தீர்ந்துபோயிற்று.

அன்றிலிருந்து அந்த வீட்டின் பால் நின்றது. நாட்டுக்கன்று நாலு வாய் குடித்துவிட்டுத் துள்ளப் போகும். இது மடியை முட்டி முட்டிக் காலியாக்கிவிட்டு இன்னும் வேண்டும் என்று கத்தும். செவலையின் விலா எலும்பு வெளியே தெரிந்தது. கமலாத்தாள் செங்கோட்டையன் தோட்டத்தில் களையெடுக்கப் போனாள். கூலியில் பாதி தவிடாகவும் புண்ணாக்காகவும் கட்டுத்தரைக்குப் போயிற்று. செவலை மறுபடியும் பருவத்துக்கு வரவில்லை. வயிற்றுக்கு இல்லாத மாடு எப்படி வரும்?

அடுத்த மார்கழியில் உறுமிக் குழு கன்றை மந்தைக்கு ஓட்டிப்போனது. ஒரு வயது நிறையாத கன்று, இரண்டு வயதுக் காளையின் உயரம் இருந்தது. காலில் சலங்கை கட்டினார்கள். கழியை நீட்டி, உறுமியை இழுத்து அடித்தார்கள். மற்றக் கன்றுகள் கழியின் பின்னால் குதித்து ஓடின. இது சத்தத்தைக் கேட்டு நின்றது, நாக்கைத் தொங்கவிட்டது, பிறகு நிதானமாக முன்னங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டது.

“கமலாத்தா, உன்ற மகனுக்கு நாற்காலி கொண்டாரச் சொல்லட்டுமா?” என்றது ஒரு குரல்.

“இங்கிலீசுல அடிங்கடா, அப்பத்தான் ஆடும்” என்றது இன்னொரு குரல்.

கமலாத்தாள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கன்றின் பக்கத்தில் நின்றாள். அதற்கு மூச்சு வாங்கியது. மலைநாட்டு உடம்பு, மார்கழி வெயிலே தாங்கவில்லை. ஒரு போசித் தண்ணீரை அதன் தலையில் ஊற்றி வீட்டுக்கு ஓட்டிவந்தாள்.

அந்த வருஷம் மழையும் பொய்த்தது. கடலைக்கொடி இல்லை. சோளத்தட்டு வண்டி வண்டியாகக் கிழக்கே போயிற்று, வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள். கமலாத்தாள் மிருகாஸ்பத்திரிக்குப் போய் மிக்கேலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நாளைப் பற்றியும், சாமியைப் பற்றியும். மிக்கேல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அன்னைக்கே கேட்டிருக்கலாமே தாயி. பத்துப் பதினஞ்சு நாளு கூட ஆகும்னு சொல்லியிருப்பனே.”

“எப்புடிங்க கேப்பேன்? சாமிக்குக் குடுக்காம இருக்க வழி என்னன்னு கேக்கறதுங்களா?”

மிக்கேல் மேசையிலிருந்த பதிவேட்டைப் புரட்டினார். “சட்டப்படி லைசென்ஸ் இல்லாத காளைய நான் காயடிக்கணும். சரி, நான் அதப் பாக்கல. விதைக்குச் சேக்கவும் முடியாது. தாய்க்குப் பதிவு இல்ல. வண்டிக்குப் பூட்டலாம்னா திமில் இல்ல, நுகம் வழுக்கும். அதுவும் நீங்க பூட்ட மாட்டீக.”

“துரைங்க அவிங்க பண்ணைக்கே எடுத்துக்கிட்டா என்னங்க? வித்ததா ஆகாது. அவிங்க வித்துத்தானுங்க. அங்கயாச்சும் வயித்துக்குத் தின்னுட்டு இருக்கும்.”

இது மிக்கேலுக்கே ஒரு வழியாகப் பட்டது. விதை வாங்க அவர் மாதம் ஒரு முறை மலைக்குப் போவார். மறுமுறை போகும்போது ஜீப்பில் அவளையும் கூட்டிக்கொண்டார். உடுமலை தாண்டி, சின்னாறு வழியாக ஏறினார்கள். வளைவுகளில் கமலாத்தாள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். மேலே குளிர் எலும்பில் இறங்கியது. எங்கு பார்த்தாலும் புல். இத்தனை புல்லை ஒருவரும் அறுக்காமல் விட்டிருக்கிறார்களே என்று அவளுக்கு ஆறவில்லை.

மிக்கேல் பண்ணை ஆபீசுக்குள் போயிருந்தபோது, மாடு பார்க்கிற செல்லத்துரை அவளைத் தொழுவத்துக்குக் கூட்டிப்போனான். தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீடுகளில், வளர்ந்தவன்; வயது முப்பது இருக்கும். வரிசையாகக் காளைகள் நின்றன, ஒவ்வொன்றும் வைக்கோல்போர் மாதிரி.

“எவ்வளவு திங்குமுங்க?”

“அத ஏன் கேக்கீக. இதுக காலைல திங்கறத எங்க லயத்துல பத்து வீட்டுக்கு வச்சுப் பொங்கலாம். கம்பளி வேற. எனக்கு ஒரு கம்பளி கேட்டு ரெண்டு வருசமாச்சு.” பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “என்ன விசயமா வந்தீக?”

அவள் சொன்னாள். செல்லத்துரை சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. “எங்க ஊர்லயும் கோயிலுக்கு நேந்துவிட்ட கெடா உண்டு தாயி. ஆனா அது தெருவுல மேஞ்சுக்கிடும். இது மேயாதே. கட்டிப்போட்டுத்தான் தீனி போடணும்” என்றான்.

வெள்ளைக்காரர் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் நின்றாள். அவரும் எழுந்து நின்றுகொண்டார். கமலாத்தாள் ஊசி போட்டதிலிருந்து தொடங்கி, கணக்கு, பொங்கல், நஞ்சு விழாதது, பால், உறுமி, மழை என்று ஒன்று விடாமல் சொன்னாள். வாழ்நாளில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். மிக்கேல் அதை இங்கிலீசில் சொல்லி முடித்தார்.

“நான் சொன்னது நெறைய இருந்துச்சு. நீங்க சொன்னது கொஞ்சமா இருக்குதுங்களே?” என்றாள்.

“முக்கியமானத எல்லாம் சொல்லிட்டேன் தாயி.”

வெள்ளைக்காரர் பொறுமையாகக் கேள்வி கேட்டார். வேறொரு கன்றைச் சாமிக்குக் கொடுத்து இதை விடுவிக்க முடியாதா? முடியாது. கோயிலே வைத்துக்கொள்ளாதா? வீட்டில்தான் வளர்க்க வேண்டும், அதுதான் வழக்கம். எருதாக்கி வண்டிக்குக் கொடுத்தால் சாமி கோபிக்குமா? கோபிக்குமோ என்னவோ, தன்னால் முடியாது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு மிக்கேலிடம் தணிந்த குரலில் சொன்னார். கீழ்நாட்டு மாடு ஒன்றைப் பண்ணைக்குள் விட்டால் கோமாரி வந்து மொத்தமும் போகும், அதனால் ஒரு கன்றைக்கூட உள்ளே எடுப்பதில்லை. கன்றுத் தீவனம் கிடாரிக்கு மட்டும்தான், காளைக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அவருக்கு மிகவும் வருத்தம்.

“இன்னொரு ஊசி இலவசமாப் போடச் சொல்றாரு” என்றார் மிக்கேல்.

“எந்த மாட்டுக்குங்க?”

இதை மிக்கேல் இங்கிலீசில் சொல்லவில்லை.

புறப்படும்போது வெள்ளைக்காரர் அலமாரியைத் திறந்து, செங்கல் போன்ற ஓர் உப்புக்கட்டியை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். மாடு நக்குவதற்கு. அந்தக் கட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் மலை இறங்கினாள். காளை அதை ஆசையாக நக்கியது. உப்புத் தின்றதும் தாகம் எடுத்து, முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் கேட்டது. அந்த வெயிலில் தண்ணீரும் தூரத்துக் கிணற்றிலிருந்துதான் வர வேண்டும்.

சித்திரையில் கட்டுத்தரையில் ஒரு சோளத்தட்டுகூட இல்லை. காளை தாழியை முட்டி உடைத்தது. கூரையில் வேய்ந்த பழைய தட்டைக் கமலாத்தாள் ஒரு பக்கமாகப் பிடுங்கிப் போட்டாள். மாரப்பன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ரண்டுல ஒண்ணுதாங் கமலா. ரண்டயும் வெச்சா ரண்டும் போகும்.”

“தெரியுமுங்க.”

“ஒண்ண விக்கக் கூடாது.”

“தெரியுமுங்க. அதையே எதுக்குத் திருப்பித் திருப்பிச் சொல்றீங்க?”

வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தைக்குச் செவலையை ஓட்டிப்போனார்கள். வெட்டுக்கு வாங்குகிறவர்கள் இரண்டு பேர் வந்து விலாவைத் தட்டிப் பார்த்தார்கள். கமலாத்தாள் கயிற்றைக் கொடுக்கவில்லை. மத்தியானம் வரை நின்ற பிறகு ஆனைமலைப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். பல்லைப் பார்த்தார், காம்பை நீவிப் பார்த்தார்.

“நல்ல மாடாத் தெரியுது. தீனி போட்டா சினை நிக்கும். ஏனுங்க விக்கறீங்க?”

“தீனி இல்லீங்க” என்றார் மாரப்பன்.

“ஊட்டுல வேற உருப்படி இருக்குதுங்களா?”

“ஒரு காளை இருக்குதுங்க.”

“காளைய வித்துட்டுப் பசுவ வெச்சுக்குவாங்களா, பசுவ வித்துட்டுக் காளைய வெச்சுக்குவாங்களா? எனக்கொண்ணும் இல்ல, கேட்டேன்.” அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

“அது பொங்கலுக்குப் பொறந்ததுங்க” என்றாள் கமலாத்தாள்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். அவரும் அந்தப் பக்கத்துக்காரர்தானே. மேற்கொண்டு விலை பேசவில்லை, கேட்டதைக் கொடுத்தார். செவலை இரண்டடி நடந்து நின்று திரும்பிப் பார்த்தது. புதுக்காரர் கழுத்தில் தட்டியதும் நடந்து கூட்டத்துக்குள் போயிற்று.

கிடைத்த பணத்துக்குச் சந்தை ஓரத்திலேயே ஒரு பார வண்டிச் சோளத்தட்டு வாங்கினார்கள். வண்டிக்காரனோடு மாரப்பன் மேலே உட்கார்ந்துகொண்டார். கமலாத்தாள் பின்னால் நடந்தாள். ஏறிக்கொள்ளச் சொல்லியும் ஏறவில்லை. வழியில் உதிர்ந்த தட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் சேர்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டை நெருங்கும்போதே காளையின் சத்தம் கேட்டது. காலையிலிருந்து வெறும் வயிறு. தட்டு வாசனை பட்டதும் முளைக்குச்சி பிடுங்கிக்கொள்ளும்படி இழுத்தது. கமலாத்தாள் கையிலிருந்ததை அப்படியே முன்னால் போட்டாள். அது தலை நிமிராமல் தின்றது. மாரப்பன் வண்டியின் மேலிருந்து கட்டுகளைத் தள்ள, அவள் வாங்கி வாங்கி அடுக்கினாள். செவலை கட்டியிருந்த இடம்தான் காலியாக இருந்தது, அங்கேயே அடுக்கினாள்.

“எத்தன நாளைக்கு வரும்?” என்று மாரப்பன் கேட்டார்.

கமலாத்தாள் போரைப் பார்த்தாள், காளையைப் பார்த்தாள். அது அதற்குள் போட்டதை முடித்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கட்டைப் பிரித்து மறுபடியும் அள்ளினாள்.

“தெரியலீங்க” என்றாள்.